ஆலோசனைக் குழு என்கிற திண்ணை

என் சித்தி ஒன்பது வருடம் ஒரு தொண்டு நிறுவனத்தின் "சமூக ஆலோசனைக் குழு"வில் உறுப்பினராக இருந்தார். பூவத்தில் எங்கள் தெருவிலிருந்து மூன்று பேரை எடுத்தார்கள். அதில் சித்தியும் ஒருவர். நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். இந்தக் கடற்கரையில் அதைப் போல நிறைய இருக்கின்றன, பெயரை மாற்றினால் கதை மாறாது. வருடத்துக்கு இரண்டு முறை ஆட்டோ அனுப்பிக் கூப்பிடுவார்கள். வடை, காப்பி. ஒரு குழுப் படம். மினிட்ஸ் புத்தகத்தில் கையெழுத்து. கையெழுத்துக்கு மேலே பாதிப் பக்கம் வெறுமையாக இருக்கும். "அப்புறம் எழுதிக்குவாங்க" என்பார் சித்தி.

ஒருநாள் டீக்கடையில்தான் அவருக்குத் தெரிந்தது, எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு நடந்த மாலைப் பள்ளியை மூடிவிட்டார்கள் என்று. அந்தப் பள்ளியைக் காட்டித்தான் அவர்கள் நிதி வாங்கியிருந்தார்கள். அந்தப் பள்ளிக்குத்தான் சித்தி ஆலோசனைக் குழு. நேரே அலுவலகத்துக்குப் போய்க் கேட்டார். "இது ஃபைனான்ஸ் கமிட்டி முடிவும்மா, போர்டு பாஸ் பண்ணிடுச்சு" என்று பதில் வந்தது. சித்தி திரும்பி வந்து என்னிடம் கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரை. "ஃபைனான்ஸ் கமிட்டின்னா யாருடா? அதுல நம்ம ஆளு யாராவது இருக்காங்களா?"

இல்லை. இருந்ததும் இல்லை.

மாணவத் தோழர்களே, நீங்கள் "போர்டில் தலித் பிரதிநிதித்துவம் வேண்டும்" என்று எழுதிய அறிக்கைகளைப் படித்திருக்கிறேன். நானும் அப்படி எழுதியவன்தான். கோரிக்கை தப்பில்லை, ஆனால் பாதிதான். போர்டில் நடப்பது பரிமாறல். சமையல் வேறு இடத்தில் நடக்கிறது. வருடத்துக்கு நான்கு முறை, இரண்டு மணி நேரம் கூடும் ஒரு நிர்வாகக் குழு எதையும் புதிதாக முடிவெடுப்பதில்லை. நிதிக்குழு தயாரித்த பட்ஜெட்டை, நியமனக்குழு கொண்டுவந்த பெயர்களை, தணிக்கைக்குழு "பார்த்துவிட்டோம்" என்று சொன்ன கணக்கை அது கைதூக்கி ஏற்கிறது. இவற்றைத்தான் நிலைக்குழுக்கள் என்கிறோம். ஒரு வேலைக்காகக் கூடி, வேலை முடிந்ததும் கலைகிற தற்காலிகக் குழுக்கள் வேறு. நிலைக்குழு வருடா வருடம் தொடர்கிறது. அதற்குக் கோப்பு இருக்கிறது, நினைவு இருக்கிறது, யாரைக் கூப்பிடுவது யாரை விடுவது என்ற பழக்கம் இருக்கிறது. அதிகாரம் பழக்கமாக மாறுகிற இடம் அது. போர்டில் ஒரு தலித்தை உட்காரவைத்துவிட்டு மூன்று நிலைக்குழுக்களிலும் அவரைச் சேர்க்காமல் விடுவது ரொம்ப எளிது. புகைப்படத்தில் பிரதிநிதித்துவம் இருக்கும், அவ்வளவுதான்.

திண்ணை என்று தலைப்பில் சொன்னது சும்மா இல்லை. ஒரு காலத்தில் நம்மைத் திண்ணையில்கூட ஏறவிடாத ஊர், இப்போது நமக்கென்றே தனியாக ஒரு திண்ணை கட்டிக் கொடுத்து, "உள்ளே என்ன நடக்கிறதென்று இங்கிருந்தே கேட்டுக்கொள்ளுங்கள்" என்கிறது. அந்தத் திண்ணையின் பெயர் ஆலோசனைக் குழு.

இது புதிய தந்திரமும் இல்லை. 1932 செப்டம்பரில் பூனா ஒப்பந்தம். அது கையெழுத்தான ஒரு வாரத்துக்குள் பம்பாயில் ஒரு கூட்டம் கூடி, தீண்டாமை ஒழிப்புக்கு ஓர் அகில இந்திய அமைப்பைத் தொடங்கியது. பின்னாளில் அதற்குக் கிடைத்த பெயர் ஹரிஜன் சேவா சங்கம். தலைவர் ஜி.டி. பிர்லா, செயலாளர் ஏ.வி. தக்கர். ஆரம்ப மத்தியக் குழுவில் அம்பேத்கர் இருந்தார், எம்.சி. ராஜா இருந்தார், நம் இரட்டைமலை சீனிவாசனும் இருந்தார். மூவரில் இருவர் சென்னை மாகாணத் தமிழர்கள் என்பதை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த நவம்பரில், மூன்றாம் வட்டமேசை மாநாட்டுக்குக் கப்பலில் போகும் வழியில், அம்பேத்கர் தக்கருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். சங்கம் என்ன வேலை செய்ய வேண்டும், அந்த வேலையை யார் செய்ய வேண்டும் என்று அதில் விளக்கினார். குடியுரிமைகளுக்கான போராட்டம் முதலில். பள்ளி, கிணறு, தெரு எல்லாம் திறக்கப்பட வேண்டும். வேலை செய்பவர்களில் தீண்டப்படாதவர்கள் இருக்க வேண்டும். கடிதம் கிடைத்தது என்றுகூட ஒரு வரி பதில் வரவில்லை என்று பின்னாளில் அவரே பதிவு செய்தார். விரைவிலேயே அவர் வெளியேறினார். அதன்பின் அந்தக் குழுவில் நம்மவர்க்கு இடம் வேண்டும் என்று கேட்டுப் போனவர்களுக்குக் காந்தி என்ன சொன்னார் தெரியுமா? இது சாதி இந்துக்கள் செய்யும் பிராயச்சித்தம், பணம் அவர்களுடையது, பாவமும் அவர்களுடையது, ஆகவே நிர்வாகமும் அவர்களுடையதே என்றார். நீங்கள் கடன் கொடுத்தவர்கள், நாங்கள் கடன்பட்டவர்கள், திருப்பித் தருகிற வேலை எங்களுடையது, நீங்கள் வேண்டுமானால் ஆலோசனைக் குழுக்கள் அமைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் அதன் சாரம்.

ஆலோசனைக் குழு! சித்தி உட்கார்ந்திருந்த நாற்காலிக்குத் தச்சுவேலை எப்போது நடந்தது என்று இப்போது புரிகிறதா?

இந்தக் கடன் உவமையை நான் முழுமனதோடு ஏற்றுக்கொள்கிறேன். ஆமாம், நாம் கடன் கொடுத்தவர்கள்தான். அப்படியானால் கடன் கொடுத்தவர்களை இந்த நாட்டின் சட்டம் எப்படி நடத்துகிறது என்று பார்ப்போம். 2016இல் வந்த திவால் சட்டத்தில் கம்பெனி ஒன்று கடனைக் கட்டவில்லையென்றால் முதலில் என்ன செய்கிறார்கள்? அதன் போர்டின் அதிகாரத்தை நிறுத்திவைக்கிறார்கள். கடன் கொடுத்தவர்களைக் கொண்டு ஒரு குழு அமைக்கிறார்கள். கம்பெனியை மீட்பதா, விற்பதா, யார் கையில் கொடுப்பது என்பதையெல்லாம் அந்தக் குழுதான் வாக்களித்துத் தீர்மானிக்கிறது. மீட்புத் திட்டம் நிறைவேற 66 சதவீத வாக்கு வேண்டும். கடன்பட்டவர் மேடையில் உட்கார்ந்துகொண்டு, கடன் கொடுத்த வங்கியை "நீங்கள் ஆலோசனை சொல்லுங்கள் போதும்" என்று திண்ணைக்கு அனுப்பினால் எந்த வங்கி ஒப்புக்கொள்ளும்? வங்கிக்குப் பொருந்துகிற நியாயம் சேரிக்கு ஏன் பொருந்தவில்லை?

அம்பேத்கர் புகார் சொல்லிவிட்டு நின்றவர் இல்லை. 1924 ஜூலையில் பம்பாயில் அவர் தொடங்கிய பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையின் அமைப்பைப் பாருங்கள். தலைவராக சர் சிமன்லால் சேதல்வாட். துணைத்தலைவர்கள் வரிசையிலும் பார்சி, யூத, பார்ப்பனப் பிரமுகர்களின் பெயர்கள். கடிதத்தாளில் பளபளப்பெல்லாம் அவர்களுக்கு. ஆனால் நிர்வாகக் குழுவின் தலைவர் அம்பேத்கர். செயலாளர் சிவ்தர்கர், பொருளாளர் ஜாதவ். பணத்தைத் தொடுகிற கை, கடிதம் எழுதுகிற கை, கூட்டம் கூட்டுகிற கை மூன்றும் நம்முடையவை. மதிப்புக்கு வெளியாட்கள், முடிவுக்கு நாம். நம் என்.ஜி.ஓ.க்களில் பெரும்பாலும் நடப்பது இதற்கு நேர்த் தலைகீழ். கடிதத்தாளிலும் ஆண்டறிக்கை அட்டையிலும் நம் முகம், காசோலையில் அவர்கள் கையெழுத்து.

சரி, பூவத்திலிருந்து இதைப் பேசுவதற்கு என்ன அவசரம் என்று கேட்கலாம். இருக்கிறது.

எங்கள் ஊருக்கு வடக்கே நண்டலாறு. பாலத்துக்கு இந்தப் பக்கம் புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தின் காரைக்கால், அந்தப் பக்கம் தமிழ்நாடு. அங்கிருந்து வருகிறவர்களுக்கு எங்கள் ஊர் என்றால் மலிவு விலைச் சாராயக்கடைதான் ஞாபகம் வரும். எங்களுக்கு வேறொரு ஞாபகம். அந்தப் பக்கம் ஊராட்சித் தேர்தல் நடக்கிறது, தாமதமானாலும் நடக்கிறது, தலித் ஊராட்சித் தலைவரை நாற்காலியில் உட்காரவிடாமல் தரையில் உட்காரவைத்த செய்தியாவது வருகிறது. எங்களுக்கு அந்தச் செய்திகூட வராது. தலைவரே இல்லை. புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 1968இல் ஒருமுறை, பிறகு 38 வருடம் கழித்து 2006இல் ஒருமுறை. அப்போது வந்தவர்களின் காலம் 2011இல் முடிந்தது. அதோடு சரி. ஆணையர்கள் ஆள்கிறார்கள். அரசியல் சட்டத்தின் 73ஆம் திருத்தம் நமக்குக் கொடுத்த தனி வார்டுகள் காகிதத்தில் தூங்குகின்றன. ஒரு தலித் கூலிப்பெண் கைதூக்கி வாக்களித்து, ஒரு பொதுப்பணத்தை எதற்குச் செலவழிப்பது என்று முடிவு செய்ய இந்தக் கொம்யூனில் சட்டப்படி ஒரு மேசைகூட இல்லை. அதனால்தான் சங்கம், டிரஸ்ட், சொசைட்டி என்று இருக்கிற கொஞ்ச நஞ்ச மேசைகளும் எங்களுக்கு முக்கியமாகின்றன. அங்கேயும் திண்ணைதான் என்றால் பிறகு எங்கே?

பணம் வராத ஊரும் இல்லை இது. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு இந்தக் கடற்கரைக்கு வந்த தொண்டு நிறுவனங்களை எண்ணி முடியாது. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். காரைக்கால் கடலோரக் குப்பங்களிலும் நூற்றுக்கணக்கில் இறந்தார்கள். மீனவ மக்கள் பட்ட துயரத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு நாக்கு வராது. ஆனால் "பாதிக்கப்பட்டவர்" என்றால் யார் என்ற பட்டியல் படகையும் வலையையும் வைத்து எழுதப்பட்டது. உப்பு ஏறிய வயலில் வேலை இழந்த கூலிக்காரர், மீன் கூடை சுமந்த பெண், உப்பங்கழியில் கையால் இறால் தடவியவர் எல்லாம் பட்டியலுக்கு வெளியே நின்றார்கள். நிவாரண முகாமில் தலித்துகள் ஒதுக்கப்பட்டதைப் பல மனித உரிமை அமைப்புகள் அப்போதே ஆவணப்படுத்தின. அந்தப் பட்டியலை எழுதியது ஒரு தனி மனிதரின் கெட்ட மனசு என்று நான் நினைக்கவில்லை. பல இடங்களில் அது குழுக்களில் எழுதப்பட்டது. அந்தக் குழுக்களில் வயல் பக்கத்துச் சேரியிலிருந்து ஆள் இல்லை. இல்லாதவரின் இழப்பு இல்லாத இழப்பாகிவிட்டது.

சட்டம் காப்பாற்றுமா? கொஞ்சம் சட்டம் பேசுவோம், சலிக்காமல் படியுங்கள். நண்டலாற்றைத் தாண்டினால் சட்டமே மாறுகிறது. தமிழ்நாட்டில் 1975ஆம் வருடச் சங்கங்கள் பதிவுச் சட்டம். அதன்படி நிர்வாகக் குழுவில் குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும், ஒருவரின் பதவிக்காலம் மூன்று வருடத்தைத் தாண்டக்கூடாது, வேண்டுமானால் திரும்பத் தேர்ந்தெடுக்கலாம். காரைக்காலில் இன்னும் 1860ஆம் வருடத்துச் சட்டம். சிப்பாய்க் கலகம் அடங்கிய சூட்டில் வெள்ளைக்காரன் எழுதியது. பிரெஞ்சுக்காரன் ஆண்ட எங்கள் ஊருக்கு அது இணைப்புக்குப் பிறகுதான் வந்தது, அது தனி வேடிக்கை. ஏழு பேர் சேர்ந்தால் சங்கம். வருடத்துக்கு ஒருமுறை நிர்வாகிகளின் பெயர், முகவரி, தொழில் அடங்கிய பட்டியலைப் பதிவாளரிடம் தர வேண்டும். நிலைக்குழு என்று ஒரு சொல் அதில் கிடையாது. கம்பெனிச் சட்டத்தின் 8ஆம் பிரிவில் பதிவான தொண்டு நிறுவனம் என்றால் நிலைமை இன்னும் சுவாரசியம். லாப நோக்குள்ள பெரிய கம்பெனிகளின் தணிக்கைக் குழுவில் சுயேச்சை இயக்குநர்கள் பெரும்பான்மையாக இருக்க வேண்டும், நியமனக் குழு இருக்க வேண்டும் என்று 2013 சட்டம் சொல்கிறது. 2015 ஜூன் அறிவிக்கையில் 8ஆம் பிரிவுக் கம்பெனிகளுக்கு இந்த இரண்டிலிருந்தும் விலக்குக் கொடுத்துவிட்டார்கள். லாபம் பார்ப்பவனைக் கண்காணிக்க வேண்டும், புண்ணியம் பார்ப்பவனை நம்பலாம் என்பது அரசின் தத்துவம்.

ஆக, எந்தப் பதிவாளரும் வந்து உங்கள் சங்கத்தின் நிதிக்குழுவில் ஒரு தலித்தை உட்காரவைக்கப் போவதில்லை. எல்லாம் பைலாவில் இருக்கிறது. பைலாவில் எழுதாதது நல்லெண்ணத்தில் இருக்கிறது. நல்லெண்ணத்தின் விலை எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

இங்கே ஓர் எதிர்க்கேள்வி வரும், வந்தே தீரும். "கணக்குப் பார்க்கத் தெரிய வேண்டாமா? நிதிக்குழு என்றால் ஆடிட்டர், வங்கி மேலாளர் மாதிரி ஆட்கள் வேண்டாமா?" இதைக் கேட்பவர்களின் முகத்தை நான் கவனித்திருக்கிறேன், கேட்கும்போதே கருணை வழியும். திறமை என்ற சொல் இந்த நாட்டில் எப்போது யாருக்கு எதிராக வரும் என்று இட ஒதுக்கீட்டுச் சண்டை பார்த்த எவருக்கும் தெரியும். பதிலுக்கு ஒரு சம்பவம். 1994 டிசம்பரில் ராஜஸ்தானின் பாலி மாவட்டத்தில் கோட் கிரானா என்ற ஊரில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் தன் முதல் மக்கள் விசாரணையை நடத்தியது. பொதுப்பணி மஸ்டர் ரோலை ஊர் நடுவே சத்தமாக வாசித்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத கூலிகள் எழுந்து, "நான் அந்த வேலைக்கே போகல", "அந்தக் கட்டடம் கட்டவே இல்ல" என்று சொன்னார்கள். தகுதி பெற்ற எந்தத் தணிக்கையாளரும் பிடிக்காததை அவர்கள் பிடித்தார்கள். அங்கிருந்துதான் தகவல் அறியும் உரிமைக்கான இயக்கம் வளர்ந்தது. 2005இல் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டம் சமூகத் தணிக்கையைக் கிராம சபையின் கையில் கொடுத்ததற்கும் அந்த அனுபவம்தான் வேர். ரசீது சரியா என்று பார்க்க ஆடிட்டர் போதும். வாங்கியதாகச் சொன்ன இருபது தையல் மிஷினில் பதினொன்றுதான் தெருவுக்கு வந்தது என்று சொல்லத் தெரு வேண்டும்.

இப்போது எப்படி அமைப்பது என்பதற்கு வருகிறேன். ஆவேசமாகப் பேசிவிட்டு "அமைப்பு மாற வேண்டும்" என்று முடிக்கிற கட்டுரைகளை நானும் எழுதியிருக்கிறேன், அதனால் ஒருவருக்கும் பயனில்லை.

முதலில், குழுக்களைக் குறையுங்கள். பதினைந்து பேர் உள்ள சங்கத்துக்கு எட்டு நிலைக்குழு என்றால் எட்டும் காகிதம். நிதிக்குழு, தணிக்கைக்குழு, நியமனக்குழு, புகார்க்குழு இருந்தால் போதும். மற்றதற்கெல்லாம் தற்காலிகக் குழு போட்டு, முடிந்ததும் கலைத்துவிடுங்கள். நிதியையும் தணிக்கையையும் ஒரே குழுவில் வைக்காதீர்கள் என்பதில் மட்டும் நான் பிடிவாதக்காரன். பட்ஜெட் போட்டவனே கணக்கைச் சரிபார்த்தால், சமைத்தவனே உப்புப் பார்த்துச் சொன்ன கதைதான். பொருளாளரும் சம்பளம் வாங்கும் இயக்குநரும் தணிக்கைக்குழுவில் உறுப்பினராக இருக்கக்கூடாது, கூப்பிட்டால் வந்து பதில் சொல்ல வேண்டும், அவ்வளவே. ஆடிட்டரை நியமிப்பதற்குப் பெயர் சொல்வதும், அவர் தரும் அறிக்கையை முதலில் வாங்கிப் பார்ப்பதும் இந்தக் குழு. வருடத்தில் ஒரு முறையாவது இயக்குநர் இல்லாத அறையில் ஆடிட்டரிடம் பேசும் உரிமை அதற்கு எழுத்தில் இருக்கட்டும்.

நியமனக்குழுவை யாரும் கண்டுகொள்வதில்லை. என் கணிப்பில் அதுதான் மற்ற எல்லாவற்றுக்கும் தாய். அடுத்த போர்டில் யார், அடுத்த குழுத் தலைவர் யார் என்று பெயர் சொல்கிற இடம் அது. அந்தக் குழு இல்லாத சங்கத்தில் அந்த வேலை நடக்காமல் இருக்கிறது என்று நினைக்காதீர்கள். நிறுவனரின் வீட்டு ஹாலில் நடக்கிறது. யார் பெயரில் அமைப்பு நிதி வாங்குகிறதோ அந்தச் சமூகத்தார் நியமனக்குழுவில் பெரும்பான்மை. இந்த ஒரு வரி பைலாவில் ஏறிவிட்டால் ஐந்து வருடத்தில் மற்றவை தானே மாறும். ஏற்ற விடமாட்டார்கள். அதனால்தான் இங்கே சண்டை போடச் சொல்கிறேன்.

ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பக்கத்தில் பணி வரையறை வேண்டும், தமிழில். இந்தக் குழு எதைத் தானே முடிவு செய்யலாம், எதைப் போர்டுக்குப் பரிந்துரை மட்டும் செய்யலாம், எவ்வளவு ரூபாய் வரை ஒப்புதல் தரலாம், எந்தக் கோப்பைக் கேட்டால் அலுவலகம் எத்தனை நாளில் தர வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். ஆலோசனைக் குழுவுக்கும் நிலைக்குழுவுக்கும் உள்ள வித்தியாசமே இந்த ஒரு பக்கம்தான். சித்திக்கு அந்தப் பக்கம் இருந்திருந்தால், பள்ளியை மூடும் தீர்மானம் அவர் கையெழுத்தில்லாமல் போர்டுக்குப் போயிருக்காது.

கோரம் பற்றி ஒரு வார்த்தை. "ஐந்தில் மூன்று பேர் வந்தால் கூட்டம் செல்லும்" என்று எழுதினால், அந்த மூன்று பேர் யார் என்று உங்களுக்கே தெரியும். கார் வைத்திருக்கிற மூன்று பேர். "வந்த மூவரில் ஒருவராவது பயனாளிச் சமூகத்தைச் சேர்ந்தவராக இல்லையென்றால் கூட்டம் செல்லாது" என்று எழுதுங்கள். அப்போது பாருங்கள், கூட்டம் வைக்கிற நேரமும் இடமும் தானாக மாறும். நாற்று நடவு நாளில் காலை பதினொரு மணிக்குப் புதுச்சேரி ஹோட்டலில் கூட்டம் வைத்துவிட்டு "அவங்க வரலையே" என்று சொல்ல முடியாது.

கூலி இழப்பு. இதைச் சொல்லும்போது நம் ஆட்களே நெளிகிறார்கள், தன்னார்வத் தொண்டுக்குக் காசா என்று. மாதச் சம்பளக்காரர் விடுப்பு எடுத்துக் கூட்டத்துக்கு வந்தால் அவர் சம்பளம் குறையாது. கூலிப்பெண் வந்தால் அன்றைய அடுப்பு எரியாது. இரண்டு பேரும் "இலவசமாக" வருகிறார்கள் என்று சொல்வது கணக்குத் தெரியாதவர் பேச்சு. ஒருநாள் கூலி, பஸ் செலவு, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள். பட்ஜெட்டில் தனித் தலைப்பு போட்டு எழுதுங்கள். வெளிநாட்டு நிதிச் சட்டத்தின் 2020 திருத்தம் நிர்வாகச் செலவை 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைத்ததிலிருந்து எல்லா அலுவலகங்களும் இதைத்தான் சாக்காகச் சொல்கின்றன. இருபதில் கார் டீசலுக்கு இடமிருக்கிறது, கூலிக்கு இடமில்லையாம்.

மினிட்ஸைக் கூட்டம் முடியும்போதே, எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போதே எழுதி, சத்தமாக வாசித்து, அதன் பிறகு கையெழுத்து. எதிர்த்தவர் பெயரும் காரணமும் எழுதப்பட வேண்டும். வெற்றுப் பக்கத்தில் கையெழுத்துப் போடாதீர்கள், யார் கேட்டாலும் சரி, தோழர் என்று கூப்பிட்டுக் கேட்டாலும் சரி.

தேதியை எழுதுவது மட்டும் போதாது என்பதற்கு நம் கண்முன்னே ஒரு பாடம் இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 1995 விதிகள் மாநில அளவிலும் மாவட்ட அளவிலும் விழிப்புக் கண்காணிப்புக் குழுக்களை அமைக்கச் சொல்கின்றன. மாநிலக் குழு ஜனவரி, ஜூலை என்று வருடத்துக்கு இருமுறை கூட வேண்டும். மாவட்டக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. யார் உறுப்பினர் என்பதுவரை விதியில் இருக்கிறது. காகிதத்தில் இவ்வளவு துல்லியமாக அமைக்கப்பட்ட குழு வேறு கிடையாது. ஆனால் நாடு முழுக்க இந்தக் குழுக்கள் கூடாமலே வருடங்கள் ஓடுகின்றன என்பது களத்தில் இருக்கிற உங்களுக்குத் தெரியும். காரணம் எளிது. கூடவில்லையென்றால் என்ன ஆகும் என்று விதி சொல்லவில்லை. உங்கள் பைலாவில் அதைச் சொல்லுங்கள்: தணிக்கைக்குழு இரண்டு காலாண்டு கூடவில்லையென்றால் அதன் தலைவர் பதவி காலி, கூட்டத்தைக் கூட்டும் அதிகாரம் எந்த இரு உறுப்பினருக்கும் உண்டு. புகார்க்குழுவில் வெளியாள் ஒருவர் கட்டாயம். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013இலேயே இதை எழுதிவிட்டது. தலைமை ஒரு பெண், பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். பத்துப் பேருக்கு மேல் வேலை செய்யும் தொண்டு நிறுவனமும் இதில் அடங்கும். எத்தனை நிறுவனங்கள் வைத்திருக்கின்றன என்று கேட்டுப் பாருங்கள், சுவரில் ஒட்டிய பட்டியலைக் காட்டுவார்கள், அதில் இருக்கும் பாதிப் பேருக்குத் தாம் உறுப்பினர் என்பதே தெரியாது.

இனி நம் வீட்டுக்குள் வருகிறேன். இந்தப் பகுதி சிலருக்குப் பிடிக்காது.

தலித் தலைமையில் நடக்கும் நம் சங்கங்களின் பைலாவை எடுத்துப் பாருங்கள். நிறுவனத் தலைவர் அண்ணன். பொருளாளர் அண்ணி. செயலாளர் மச்சான். தணிக்கைக்குழு இல்லை. கேட்டால் "நாம போராட்டக்காரங்க தம்பி, கம்பெனி இல்ல" என்கிறார்கள். போராட்டக்காரர்களுக்குத்தான் கணக்கு ரொம்ப அவசியம். நம்மை உள்ளே தள்ள அரசு தேடுகிற முதல் ஆயுதம் வரவு செலவுதான். பெண்கள் என்று வந்தால் "மகளிர் அணி" என்று ஒன்றைத் தனியாக வைத்துவிடுகிறோம். அது என்ன? நாம் கட்டிய திண்ணை. பறையர் பெரும்பான்மையாக இருக்கிற சங்கத்தில் புதிரை வண்ணார் ஒருவர் நிதிக்குழுவில் இருந்து பார்த்திருக்கிறீர்களா? அருந்ததியர்? 2009இல் தமிழ்நாடு அருந்ததியருக்கு உள் ஒதுக்கீடு கொடுத்தபோது நம்மில் எத்தனை பேர் முகம் சுளித்தோம்? காந்தியிடம் கேட்ட கேள்வியை நம்மிடமும் யாராவது கேட்கத்தானே செய்வார்கள்.

காரைக்காலுக்கே உரிய இன்னொரு சிக்கல். 1964ஆம் வருடப் பட்டியல் சாதி ஆணையை வைத்து இங்கே "பூர்வீகம்", "குடியேறியவர்" என்று நம்மை இரண்டாக வெட்டி வைத்திருக்கிறது நிர்வாகம். நண்டலாற்றுக்கு அந்தப் பக்கம் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்ட பெண்கள் எங்கள் தெருவில் பலர். அதே சாதி, அதே சேரி, அதே தீண்டாமை, சான்றிதழ் மட்டும் வேறு. சில சங்கங்கள் உறுப்பினர் விதியில் "புதுச்சேரி அரசின் சாதிச் சான்றிதழ் உள்ளவர்" என்று எழுதி வைத்திருக்கின்றன. அரசு வெட்டிய கோட்டை நாமே ஆழப்படுத்துகிறோம். அந்த வரியை அடியுங்கள். தெருவில் குடியிருப்பவர் என்று எழுதினால் போதும்.

என் சித்தியும் அந்தப் பக்கத்தில் பிறந்தவர்தான்.

1860ஆம் வருடச் சட்டத்தைத் திட்டினேன் அல்லவா, அதில் ஒரு நல்ல பிரிவு இருக்கிறது, 19ஆம் பிரிவு. ஒரு சங்கம் பதிவாளரிடம் தாக்கல் செய்த எல்லா ஆவணங்களையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை. சான்றிட்ட நகலும் கேட்கலாம். மூலச் சட்டத்தில் பார்வையிடக் கட்டணம் ஒரு ரூபாய். போன மாதம் சித்தியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். மனு எழுதியது நான், கையெழுத்து அவருடையது. இரண்டு முறை அலையவிட்டு, மூன்றாவது முறை பைலாவும் கடைசி மூன்று வருட நிர்வாகிகள் பட்டியலும் கிடைத்தன. பட்டியலில் தொழில் என்று ஒரு கட்டம். டாக்டர், வக்கீல், ஓய்வுபெற்ற அதிகாரி, சமூக சேவகர், சமூக சேவகர், சமூக சேவகர். பைலாவில் ஒன்பதாவது விதி நிலைக்குழுக்கள் பற்றியது. "நிர்வாகக் குழு தன் விருப்பப்படி அமைத்துக்கொள்ளலாம்" என்று ஒரே வரி.

வரும் பொதுக்குழுவில் அந்த ஒரு வரிக்குப் பதிலாக வைக்க ஒரு பக்கத் திருத்தம் தயாரித்திருக்கிறோம். சங்கத்தில் வாக்குள்ள உறுப்பினர்களாக எங்கள் தெருக்காரர் பதினேழு பேர் இருக்கிறார்கள், சந்தா பாக்கியைக் கட்டி முடித்தாகிவிட்டது. பதினேழு பேருக்கும் வாசித்துக் காட்டினோம். கூலி இழப்பு என்ற வரி வந்ததும் சித்தி நிறுத்தச் சொன்னார்.

"அத மேல தூக்கி ரெண்டாவதா போடுடா. கடைசில போட்டா நேரமாயிடுச்சுன்னு விட்டுருவாங்க."

மேலே தூக்கிப் போட்டிருக்கிறேன்.